புதுப்பிப்பு: தென்காசிக்கு வந்து 11 மாசம் ஆச்சு

"சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவன் தென்காசியில் தாக்குப்பிடிப்பானா?" என்று போன வருஷம் இங்கே கேட்டிருந்தேன். பாதிப் பேர் "மூணே மாசத்தில் சென்னைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறிடுவே" என்றீர்கள். ஏறவில்லை.

நெட், கரண்ட் பற்றித்தான் பயந்தேன். ஃபைபர் ஒழுங்காக வருகிறது. பராமரிப்பு என்று எப்போதாவது ஒரு பகல் முழுக்கக் கரண்ட் போகும், அன்றைக்கு லீவு. 2019-ல் தனி மாவட்டம் ஆனதால் கலெக்டர் ஆபீசுக்குத் திருநெல்வேலி ஓட வேண்டியதும் இல்லை.

கஷ்டம் வேறு இடத்தில். "என்ன தம்பி, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லைட் எரிஞ்சுதே, மேலுக்கு முடியலையா?" என்பார் எதிர்வீட்டு ஆச்சி. வேளச்சேரியில் பக்கத்து ஃபிளாட்காரர் பெயரே ஆறு வருஷமாக எனக்குத் தெரியாது! காய்ச்சலில் படுத்தபோது மூன்று வேளையும் கஞ்சி கொண்டுவந்ததும் அதே ஆச்சிதான். ஆனாலும் அந்த லைட் கேள்வி இன்னும் பிடிக்கவில்லை. கனமான திரைச்சீலை வாங்கி மாட்டிவிட்டேன்.

அப்புறம், ஆனி ஆடிச் சாரலில் துணி காயாது என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே? பனியனை இஸ்திரி போட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டு அக்ரிமெண்ட்டை இன்னும் 11 மாசம் நீட்டியிருக்கிறோம்.