அந்த மனுவில் என் கையெழுத்தும் இருந்தது: பங்கில் தொடர்ந்து இருப்பவர்களின் அனுபவப் பகிர்வு

தொடங்குபவர்: மறைக்கல்வி ஆசிரியை, முன்னாள் பங்குப்பேரவை உறுப்பினர்

தம் பங்கில் (ஓர் ஆலயத்தைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகத்தில்) பணியாற்றிய குருவானவர் மீது சிறார் பாலியல் குற்றச்சாட்டு எழுந்த பிறகும் திருப்பலிக்கு (பூசைக்கு) போய்க்கொண்டிருப்பவர்கள், போவதை நிறுத்தியவர்கள், நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தவர்கள் ஆகிய எல்லோரும் தமக்கு நேர்ந்ததை இங்கே எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். பங்கின் பெயரையோ, பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டக்கூடிய எதையுமோ குறிப்பிட வேண்டாம். முதலில் நானே எழுதுகிறேன், ஏனெனில் நான் சொல்ல வேண்டியது ஒரு குற்ற ஒப்புதல்.

எங்கள் பங்குத்தந்தை எல்லோராலும் நேசிக்கப்பட்டவர். நள்ளிரவில் அழைத்தாலும் நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் கொடுக்க வருவார். ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையின் பெயரும் அவருக்குத் தெரியும். அந்தக் கடைசிச் செய்தியை இன்று எழுதும்போது கை நடுங்குகிறது, அன்றோ அதை நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். திருப்பலியில் குருவுக்கு உதவும் பீடச்சிறுவன் ஒருவனின் தாய் முதலில் பங்குப்பேரவையிடம்தான் வந்தார். "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" என்று நாங்கள் அவரிடம் கேட்டோம். அவர் போன இரண்டாம் நாள், எங்கள் குரு அப்பழுக்கற்றவர் என்றும் சிலர் வேண்டுமென்றே அவதூறு பரப்புகிறார்கள் என்றும் ஆயருக்கு ஒரு மனு தயாரானது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆலய வாசலில் மேசை போட்டு, வரிசையில் நின்று கையெழுத்திட்டோம். நானும் இட்டேன்.

அந்தச் சிறுவன் என் மறைக்கல்வி வகுப்பில் இருந்தவன். தொடர்ந்து ஏழு ஞாயிறுகள் அவன் வகுப்புக்கு வரவில்லை என்று வருகைப் பதிவேட்டில் குறித்தவள் நானே. ஏன் வரவில்லை என்று ஒரு முறைகூட அவன் வீட்டுக்குப் போய் விசாரிக்காத நான், அவன் தாய் பொய் சொல்கிறார் என்பதற்கு மட்டும் சாட்சியாக நின்றேன்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நீதிமன்றம் பங்குத்தந்தையைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. அவர் முன்பு இருந்த பங்கிலும் இதே போன்ற முறையீடு எழுந்திருந்தது என்பதும், அதற்குத் தீர்வாகவே அவர் எங்களிடம் மாற்றப்பட்டார் என்பதும் விசாரணையில் வெளிவந்தன. அதன்பின் பல மாதங்கள் என்னால் செபிக்க முடியவில்லை. கடவுள் இல்லை என்று ஒருபோதும் தோன்றியதில்லை. அவர் முன்னால் போய் உட்காரும் துணிவுதான் எனக்கு இல்லாமல் போயிற்று.

"எல்லா இடத்திலும் நடப்பதுதானே, குருக்களில் மிகச் சிலர்தானே" என்று பலரும் ஆறுதல் சொன்னார்கள். அமெரிக்க ஆயர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வு, 1950 முதல் 2002 வரை 4,392 குருக்கள் மீது குற்றச்சாட்டு எழுந்ததாகக் கூறியது. அந்தக் காலத்தில் பணியாற்றிய குருக்களில் இது ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு. எங்கள் பங்கில் சிலர் அந்த நான்கைப் பிடித்துக்கொண்டு நிம்மதி அடைந்தார்கள். அதே ஆய்வில், குற்றம் சாட்டியவர்கள் 10,667 பேர் என்றும் இருக்கிறது. பிரான்சில் ஆயர்களும் துறவற சபைகளும் கேட்டுக்கொண்டதற்கிணங்க அமைந்த தனித்த ஆணைக்குழு, 1950 முதல் 2020 வரை குருக்களாலும் துறவியராலும் பாதிக்கப்பட்ட சிறார் ஏறத்தாழ 2,16,000 பேர் இருக்கலாம் என 2021இல் மதிப்பிட்டது. எத்தனை வாசல்களில் என்னைப் போன்றவர்கள் வரிசையில் நின்றார்கள் என்பது இந்தக் கணக்குகள் எதிலும் வராது.

என்னை மீண்டும் ஆலயத்துக்குள் கொண்டுவந்தது ஒரு செய்தி. 2018 சனவரியில் சிலி நாட்டுக்குச் சென்றிருந்த திருத்தந்தை பிரான்சிஸ், அங்கே ஒரு குருவின் குற்றங்களை மறைத்ததாகச் சொல்லப்பட்ட ஆயருக்கு எதிராக ஆதாரம் எதுவும் இல்லை என்றும், எல்லாம் அவதூறு என்றும் கூறினார். எங்கள் மனுவில் இருந்த அதே சொல். பிறகு விசாரிக்க ஒரு பேராயரை அனுப்பி, பாதிக்கப்பட்டவர்களின் சாட்சியங்களைப் பெற்று, தாம் கடுமையாகத் தவறிழைத்துவிட்டதாக ஏப்ரலில் கடிதம் எழுதி, அவர்களில் மூவரை உரோமைக்கு வரவழைத்து மன்னிப்புக் கேட்டார். மே மாதத்தில் அந்நாட்டு ஆயர்கள் தம் பதவி விலகலை அவரிடம் ஒப்படைத்தார்கள். திருத்தந்தையே பேசிய சொல்லைத் திரும்பப் பெற முடியுமென்றால், நான் இட்ட கையெழுத்தையும் திரும்பப் பெறலாம் என்று எனக்குப் பட்டது. அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். அதைப் பின்னர் எழுதுகிறேன்; முதலில் மற்றவர்கள் பேசட்டும்.

மறுமொழி: முன்னாள் பீடச்சிறுவன்

சகோதரி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது, என் மறைக்கல்வி ஆசிரியரும் இப்படி ஒரு பதிவேடு வைத்திருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு நேர்ந்ததை விவரிக்கப் போவதில்லை. நான் இன்றும் திருப்பலிக்குப் போகிறேன். தொடக்கப் பாடல் முடிந்த பிறகு உள்ளே நுழைந்து, கதவருகே நின்று, சாம்பிராணிப் புகை எழும் நாள்களில் வெளியே போய்விட்டு மீண்டும் வருகிறேன். ஏன் போகிறாய் என்று என் மனைவியே கேட்டிருக்கிறாள். "ஆண்டவரே, நாங்கள் யாரிடம் போவோம்?" என்ற பேதுருவின் கேள்வியை எனக்குப் பதிலாக எடுத்துக் கொடுக்காதவர் இல்லை, ஆனால் அது என் பதில் ஆகாது. என் பதில் 55ஆம் திருப்பாடலில் இருக்கிறது. இழித்துப் பேசியவன் பகைவனாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன், நீயோ என் தோழன், இறைவனின் இல்லத்துக்கு என்னோடு சேர்ந்து நடந்தவன் என்று அங்கே ஒருவன் கதறுகிறான். எனக்கு நடந்ததைச் சொல்வதற்கான சொற்களைத் திருச்சபையின் செபநூலே தன்னுள் வைத்திருக்கும்போது, அந்த இல்லத்தை என்னைக் காயப்படுத்தியவருக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் ஆண்டுக்கணக்கில் என்னை வதைத்தது ஒன்று உண்டு. இறைமக்கள் மன்றாட்டில் "சோதனைக்குள்ளாகும் எங்கள் குருக்களுக்காக" என்று செபிப்பார்கள், எங்களுக்காக ஒருவரும் செபித்ததில்லை. ஒரு ஞாயிறு அன்று மன்றாட்டு வாசிக்க வந்த மூதாட்டி, தாளில் இருந்தவற்றை முடித்துவிட்டு, தாளை மடித்துவிட்டு, "இந்த ஆலயத்துக்குள்ளேயே காயப்பட்ட பிள்ளைகளுக்காக உம்மை மன்றாடுகிறோம்" என்றார். ஒரு கணம் ஆலயம் அமைதியாக இருந்தது. "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று முதலில் சொன்னது கதவருகே நின்ற நான். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு திருப்பலியில் நான் வாய்விட்டுச் சொன்ன முதல் செபம் அதுதான்.

மறுமொழி: இரு பிள்ளைகளின் தந்தை

என் மூத்த மகளுக்குத் திருமுழுக்கும் புதுநன்மையும் கொடுத்தவர் இப்போது சிறையில் இருக்கிறார். அவர் கையால் பெற்றதெல்லாம் செல்லாதா என்று அவள் என்னைக் கேட்டபோது பதில் தெரியாமல் தேடினேன். நான்காம் நூற்றாண்டில், துன்புறுத்தலின்போது துரோகம் செய்த ஆயர்கள் கொடுத்த அருளடையாளங்கள் (திருமுழுக்கு போன்ற புனிதச் சடங்குகள்) செல்லாது என்று தொனாத்து வாதத்தினர் என்ற குழுவினர் பிரிந்து போனார்கள்; பிற்பாடு புனித அகுஸ்தினார் அதை மறுத்து, யூதாசு திருமுழுக்குக் கொடுத்தாலும் உண்மையில் கொடுப்பவர் கிறிஸ்துவே என்று கற்பித்தார். என் மகள் அதைக் கேட்டு அழுதாள். நிம்மதியில் அழுதாளா, வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை.

இதே போதனை தவறாகப் பயன்படுவதையும் பார்த்தேன். "குருத்துவம் புனிதமானது, குருவைப் பார்க்காதே, கிறிஸ்துவைப் பார்" என்று அன்பியக் கூட்டத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் கூட்டத்தில்) ஒருவர் கூறினார். மகளின் திருமுழுக்கைக் காப்பாற்றிய வாக்கியம், அங்கே ஒரு குற்றவாளியைக் காப்பாற்றப் பேசப்பட்டது. நான் எழுந்து, அகுஸ்தினார் காத்தது அருளடையாளத்தைப் பெற்றவர்களை என்று சொன்னேன். கூட்டம் சீக்கிரமே முடிந்தது.

மறுமொழி: அருள்தந்தை ஒருவர்

ஐயா, நீங்கள் அன்று எழுந்து பேசியதற்கு நன்றி. எங்களில் பலர் பேச வேண்டிய இடத்தில் நீங்கள் பேசியிருக்கிறீர்கள்.

நான் குருவாகி இருபது ஆண்டுகள் ஆகின்றன. என் அலுவலறைக் கதவில் கண்ணாடி பொருத்தச் சொன்ன நாளில், என்னையும் சந்தேகிக்கிறார்களே என்று உள்ளுக்குள் புழுங்கினேன். பின்னர் ஒரு மாலையில் ஓர் இளைஞர் வந்து, நான் அவரை உட்காரச் சொன்ன பிறகும் அந்தக் கண்ணாடிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது அரை மணி நேரம் கழித்துப் புரிந்தது. புழுங்கியதற்காக வெட்கப்பட்டேன்.

அவர் சொன்னது என் உடன்பணியாளர் ஒருவரைப் பற்றி. பலரும் ஒப்புரவு அருளடையாளத்தின் (பாவசங்கீர்த்தனத்தின்) இரகசியத்தை இதனோடு குழப்பிக்கொள்வதால் சற்று விளக்குகிறேன். ஒப்புரவில் கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் நான் வெளியிட முடியாது. அலுவலறையில் கேட்டதற்கு அந்த இரகசியக் கட்டுப்பாடு கிடையாது. ஒப்புரவுக்கு வந்த இடத்தில் ஒருவர் தாம் பாதிக்கப்பட்டதைக் கூறினால், அவரிடம் குற்றம் ஏதும் இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லி, அவர் விரும்பினால் வெளியே வந்து மீண்டும் என்னிடம் பேசலாம் என்றும், அப்போது என்னால் உதவ முடியும் என்றும் கூறுகிறேன். 2019 மே மாதம் வெளியான திருத்தந்தையின் சட்டம், இத்தகைய செய்தி தெரிய வந்தால் அதைத் திருச்சபை அதிகாரிக்குத் தாமதமின்றி அறிவிக்க வேண்டிய கடமையைக் குருக்களுக்கும் துறவியருக்கும் விதித்தது. முறையிட்டவர் மீது மௌனத்தைச் சுமத்தவும் அது தடை விதிக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் இத்தகைய வழக்குகளின் மீதிருந்த, திருத்தந்தை இரகசியம் எனப்படும் கடும் இரகசியக் காப்பு விதியும் நீக்கப்பட்டது. நாட்டின் சட்டப்படி காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டியதற்கு இவை எதுவும் மாற்று ஆகாது.

நான் முறைப்படி இரு இடங்களிலும் தெரிவித்தேன். அதன்பின் என் குருமட நண்பர்களில் பாதிப்பேர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஒருவர், "வீட்டுக் குப்பையை வீதியில் கொட்டிவிட்டாய்" என்றார். அந்த இளைஞரின் வாழ்க்கையைத்தான் அவர் குப்பை என்று சொன்னார் என்பது அவருக்கே தெரியவில்லை. காலை திருப்பலியில் அப்பத்தைக் கையில் எடுக்கும்போது, இந்தக் கைகளைப் பார்த்து அஞ்சுகிறவர்கள் எதிரே இருக்கக்கூடும் என்று இப்போது ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். அதனால் என் விசுவாசம் குறைந்துவிடவில்லை; முன்பைவிட மெதுவாகத் திருப்பலி நிறைவேற்றுகிறேன்.

மறுமொழி: திருப்பலிக்குப் போகாதவர்

நான் போவதில்லை. இரவில் தனியாகச் செபமாலை சொல்கிறேன், அதுவும் எல்லா நாளும் அல்ல. யாரும் என்னைத் திரும்ப அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன். அருள்தந்தை எழுதியதைப் படித்தேன், அவரை நம்புகிறேன். இன்றைக்கு என்னால் முடிந்தது அவ்வளவே.

தொடங்கியவரின் மறுமொழி

சகோதரி, அழைக்க மாட்டோம். நீங்கள் எழுதியதே எங்களுக்குப் பெரிது.

நான் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். அந்தத் தாய் என்னை வாசலில் நிறுத்தவில்லை, உள்ளே வரச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். "மன்னிப்பை நான் என்ன செய்வது, டீச்சர்? அந்த மனு ஆயர் இல்லத்துக் கோப்பில் இன்னும் இருக்கிறது. என் மகன் பொய்யன் என்று அதில் எழுதியிருக்கிறது. மூன்றாவது கையெழுத்து என் சொந்த அண்ணனுடையது" என்றார். அண்ணன் என்ற சொல்லில் மட்டும் அவர் குரல் உடைந்தது.

ஆயருக்கு ஒரு கடிதம் எழுதினேன். இன்ன நாளில் இட்ட என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன், உண்மை அறியாமலும் அறிய முயலாமலும் ஒரு குழந்தைக்கு எதிராகச் சாட்சி சொன்னேன், இந்தக் கடிதத்தை அந்த மனுவோடு சேர்த்து வைக்க வேண்டும் என்பவையே அதில் இருந்தன. அதை எடுத்துக்கொண்டு, அன்று வரிசையில் நின்றவர்களின் வீடுகளுக்குப் போனேன். பலர் கதவைத் திறந்து, விஷயம் தெரிந்ததும் நேரமில்லை என்றார்கள். தீர்ப்பே வந்த பிறகு இது எதற்கு என்று சிலர் கேட்டார்கள். மூன்று மாதங்களில் பதினொரு பேர் கையெழுத்திட்டார்கள். அவர்களில் ஒருவர், எழுத்துத் தெரியாததால் அன்று கைநாட்டு வைத்த பாட்டி, இன்றும் கைநாட்டே வைத்தார். அந்த வீடுகளுக்கு நடந்த நாள்களில்தான் எனக்குச் செபம் திரும்பி வந்தது, வழியில் நடந்துகொண்டே, பெரும்பாலும் சொற்கள் இல்லாமல்.

இப்போது என் வகுப்பில் ஒரு பிள்ளை இரண்டு ஞாயிறுகள் வராவிட்டால் மூன்றாம் ஞாயிறுக்கு முன்பே அவன் வீட்டுக்குப் போய்விடுகிறேன். பெரும்பாலும் காய்ச்சலாகவோ தேர்வாகவோ இருக்கும். இருந்தாலும் போகிறேன்.

ஆயர் இல்லத்திலிருந்து கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டதாகப் பதில் வந்ததும், இரண்டின் பிரதிகளையும் அந்தத் தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நின்றபடியே வாசித்தார். விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டே கடைசி வரை போய், மறுபடியும் மேலிருந்து தொடங்கினார்.

"அண்ணன் போடவில்லையா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னேன்.