பங்களாவுல கெடச்ச ஆமை படம், யாரு வரஞ்சதுங்க?

கோத்தகிரி_குளிரு:
பெரியப்பா இருந்த எஸ்டேட் பங்களாவ காலி பண்றப்ப குப்பையில போட வச்சிருந்த சாமான்ல ஒரு பழைய பிரிண்ட் கெடச்சுது, பிரேமோட. கண்ணாடிக்குள்ள பூஞ்சை, கீழ இருந்த பேரும் அரிச்சு போச்சு. செவப்பு அங்கி போட்ட ஒரு பெரியவரு பின்பக்கமா கைய கட்டி நீளமா ஒரு குழல் புடிச்சுகிட்டு குனிஞ்சு நிக்கறாரு, கால்கிட்ட ஆமைங்க தழை தின்னுகிட்டு இருக்கு, அஞ்சா ஆறான்னு சரியா தெரியல. சுவத்துல நீல டைல்ஸ் பேந்து கெடக்கு, ஜன்னலுக்கு மேல அரபு எழுத்து. வெள்ளக்காரன் வரஞ்சதா?

மைதாதீட்டி:
இல்லீங்க, துருக்கிக்காரரு. ஒஸ்மான் ஹம்தி பே வரஞ்ச 'ஆமை பழக்குறவர்'. பாரிஸ்ல ஓவியம் படிச்சுட்டு ஊர் திரும்பி இஸ்தான்புல் தொல்பொருள் மியூசியத்துக்கே தலைவரா இருந்தவரு. அந்த அறை புர்சாவுல இருக்கற பச்சை மசூதியோட மாடி. அஞ்சு ஆமைன்னா 1906ல வரஞ்சது, ஆறுன்னா 1907ல திரும்ப வரஞ்சது, எண்ணி பாருங்க.

லவ்டேல்_லோக்கல்:
அரபு, துருக்கி பக்கத்த காட்டற இந்த மாதிரி படத்தையெல்லாம் அப்படியே நம்பிடாதீங்க. ஜெரோம்னு பிரெஞ்சுக்காரரு 1879 வாக்குல 'பாம்பாட்டி' வரஞ்சாரு, பின்னாடி சுவத்துல இஸ்தான்புல் டோப்காபி அரண்மனை டைல்ஸ் ஒவ்வொரு பூவும் தெளிவா இருக்கும், ஆனா அந்த சுவத்துக்கு முன்னாடி ஒரு பையன் துணியில்லாம பாம்ப சுத்திகிட்டு நிக்கறதுங்கறது சுத்த கப்சா. டைல்ஸ் அவ்ளோ கரெக்டா இருக்கறதாலதான் மத்ததையும் நெஜம்னு நம்பிடறோம். இங்க ஊட்டியில தோடர் மந்துக்கு, அதான் அவங்க குடியிருப்புக்கு வந்து, கும்பிடு போடற மாதிரி நில்லுங்க, சால்வைய நல்லா போத்திக்கங்கன்னு சொல்லி போட்டோ எடுக்கறாங்கல்ல, அதே கதைதான்.

மைதாதீட்டி:
எல்லாரையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க பாஸ். ஜான் பிரெடரிக் லூயிஸ்னு இங்கிலாந்து ஓவியர், 1841லேர்ந்து 1851 வரைக்கும் கெய்ரோவுலயே குடியிருந்தவரு. அங்க மஷ்ரபியான்னு கடைசல் மரத்துண்டுகள கோத்து செய்ற ஜன்னல் உண்டு, காத்து வரும், உள்ள இருக்கறவங்க தெருவ பாக்கலாம், தெருவுல இருக்கறவங்களுக்கு உள்ள தெரியாது. அது வழியா வெயில் வந்து தரையிலயும் பட்டு துணியிலயும் பொட்டு பொட்டா விழறத அவரு மாதிரி யாரும் வரைஞ்சதில்ல. அவரு படத்துல பொண்ணுங்க இருக்கற சீன் எவ்ளோ கற்பனையா இருந்தாலும், வெளிச்சம் நெஜம். ஹம்தி பே விஷயம் வேற, அது அவரு சொந்த நாடு, பல படத்துல தானே வேஷம் கட்டி போட்டோ எடுத்து அத பாத்து வரஞ்சாரு.

பிரேம்கடை_குன்னூர்:
ஈரத்துணி வச்சு தொடச்சுடாதீங்க தம்பி, மை போயிடும். கண்ணாடிய விட்டு பிரிச்சு நல்லா காய வச்சு, மாஸ்க் போட்டுகிட்டு வெளிய வச்சு மெத்து பிரஷ்ல தட்டுங்க. மாட்டறப்ப மழை அடிக்கற பக்கத்து சுவரு வேணாம். அப்புறம் அந்த அரபு எழுத்து, 'ஷிஃபாவுல் குலூப் லிகாவுல் மஹ்பூப்'. நேசிக்கறவங்கள பாக்கறதுதான் மனசுக்கு மருந்துன்னு அர்த்தம்.

கோத்தகிரி_குளிரு:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். கண்ணாடிய கழட்டி எண்ணிட்டேன், அஞ்சேதான். ஆறாவதுன்னு நெனச்சது பூஞ்சை.