மறு: லொறிகளுக்கெண்டு விடுற கட்டணத் தடத்துக்குச் சொல்

எல்லாருக்கும் வணக்கம். காசு கட்டி லொறி மட்டும் போற, மற்ற வாகனங்களில இருந்து பிரிச்ச தடத்துக்கு (ஆங்கிலத்தில truck-only toll lane) தமிழில என்ன சொல்லெண்டு மூண்டு நாளாக் கதைச்சுக் களைச்சு, பெரும்பாலான ஆக்கள் 'சுங்கச் சரக்குந்துத் தடம்' எண்டதில வந்து நிக்கிறியள். செவ்வாய்க்கிழமை எனக்கு வகுப்பு, அதுக்கு முதல் கையேட்டை அச்சுக்குக் குடுக்கோணும், அதால என்ர மறுப்பை இப்பவே எழுதிப்போடுறன்.

சுங்கச்சாவடி தமிழ்நாட்டு நண்பர்களுக்குப் பழகின சொல்லு, சரி. யாழ்ப்பாணத்துப் பெடியளுக்குச் சுங்கம் எண்டா துறைமுகத்தில கொண்டெய்னரைத் திறந்து பாக்கிற திணைக்களம்தான். 2011 இல தெற்கு அதிவேகப் பாதை திறந்ததில இருந்து நாங்கள் அங்க கட்டுறது 'கட்டணம்'. சரக்குந்தும் எங்கட வாயில வராது, லொறி இல்லாட்டி பாரவூர்தி. தடம் எனக்குச் சம்மதம், ஒழுங்கை எண்டு போட்டா இஞ்ச எல்லாரும் ரெண்டு பக்கமும் வேலி அடைச்ச வீட்டு ஒழுங்கையைத்தான் நினைப்பினம்.

சுங்கவரிக்குப் பழைய சொல்லான 'உல்கு'வைப் போடச்சொல்லிக் கேட்ட ஐயாவுக்கு: பெரும்பாணாற்றுப்படையில 'உல்குடைப் பெருவழி' வருது, மிளகுப்பொதி சுமந்த கழுதைச் சாத்து, அதாவது வணிகக் கூட்டம், போற வழி, வில்லுக்காரர் காவல் நிக்கிற வழி. பாரமும் வரியும் காவலும் ஒரே இடத்தில, அந்த அடியளைத் திரும்ப எடுத்து வாசிக்க எனக்கும் நெஞ்சு நிறைஞ்சுது ஐயா. ஆனா உல்கு தனித்தமிழ் எண்டதை அப்பிடியே ஏற்கேலாது, அதையும் சுங்கத்தையும் வடமொழிச் சுல்கத்தோட சேர்த்துக் காட்டுற ஆக்களும் இருக்கினம். அந்தச் சாத்தை எடுத்து 'சாத்துத்தடம்' எண்டு போட்டா எங்கட பக்கம் அடிச்சுச் சாத்துறதுதான் முதல் ஞாபகம் வரும், விபத்தைப் பற்றின பாடத்தில அது வேண்டாம்.

என்ர பெரிய கவலை, உங்கட சொல்லில 'தனி' இல்லை. பாதுகாப்பைத் தாறது அந்தப் பிரிப்புத்தான், காசு தடத்தைக் கட்டுறதுக்கு வழி. அமெரிக்கப் பெருந்தெருவில ஒரு லொறிக்குப் பொதுவான எல்லை 80,000 இறாத்தல், கிட்டத்தட்ட 36 தொன், காரைப்போல இருபது மடங்குக்கு மேல. பிறேக் போட்டு நிக்கிறதுக்கும் கூடத் தூரம் வேணும், சாரதிக்குத் தெரியாத மறைவிடமும் கூட, மோதினா அனேகமாச் சாகிறது காருக்குள்ள இருக்கிற சனம். நடுவில கொங்கிறீற் தடுப்பு இருந்தாத்தான் அந்த மோதல் குறையும், வெறும் கோட்டைக் கீறிவிட்டா லொறி விலகி வரத்தான் போகுது. யாழ்ப்பாணம் போற ஏ9 றோட்டில லொறிக்குப் பின்னால மாட்டுப்பட்டு, முந்த எடுத்த நேரம் எதிர வாற வெளிச்சத்தைக் கண்ட ஆருக்கும் இது விளங்கும்.

அமெரிக்காவில இருக்கிற கட்டணப் பெருந்தெருவான நியூ ஜெர்சி டேர்ன்பைக்கை உதாரணமாக் காட்டின தங்கச்சிக்கு ஒண்டு. அங்க சில பகுதியில உள்பக்கத் தடங்கள் காருக்கு மட்டும், வெளிப்பக்கம் லொறி பஸ்ஸோட காரும் போகலாம். அதால அதுக்கு இந்தச் சொல்லே பொருந்தாது, வேற சொல்லு வேணும்.

நான் கையேட்டில போடப்போறது 'கட்டணப் பாரவூர்தித் தனித்தடம்'. நீளம்தான், தெரியும், ஆனா 'தனி'யை விடமாட்டன். இன்னொண்டும் பாக்கி கிடக்கு: கட்டாயமாக் காசு கட்டிப் போற தடமும், விரும்பின லொறி மட்டும் போற தடமும் ஒண்டில்லை. கட்டாயம் எண்டா கொஞ்ச லொறி காசை மிச்சம்பிடிக்க ஊர் றோட்டுக்குள்ள இறங்கும், ஆபத்தும் அதோட பள்ளிக்கூட வாசலுக்குப் போகும். இந்த ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல ஆருக்கும் சொல் தோணினா ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள்ள எழுதுங்கோ.