பழைய ஹேட்ச்பேக், லிட்டருக்கு 12 கி.மீ. தான் வருகிறது. எதை மாற்றுவது?

நாலுசக்கரம்:

வணக்கம். தினமும் வேலைக்குப் போய்வர, பெட்ரோல் அதிகம் குடிக்காத வண்டி வேண்டும் என்று ஒரு பழைய ஹேட்ச்பேக் வாங்கியிருக்கிறேன். 2006 மாடல், 1.1 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல், ஃப்யூல் இன்ஜெக்‌ஷன், மேனுவல் கியர். 1,30,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பாடியில் துரு இல்லை. விலை குறைவு, மிச்சப் பணத்தில் ஒவ்வொன்றாகச் சரிபண்ணிக்கொள்ளலாம் என்ற கணக்கில்தான் எடுத்தேன்.

பிரச்சினை மைலேஜ். இதே மாடல் வைத்திருப்பவர்கள் 16, 17 என்கிறார்கள். எனக்கு 12-ஐத் தாண்டவில்லை. டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் போட்ட கணக்கு இது. முள்ளைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஸ்டார்ட்டிங் நன்றாக இருக்கிறது. ஆனால் ஐடிலிங் 1,100 ஆர்பிஎம் பக்கமே நிற்கிறது, எவ்வளவு நேரம் ஓட்டினாலும் இறங்குவதில்லை. சைலன்சர் நுனியில் கருப்பாகப் பொடி படிகிறது. இன்ஜின் லைட் எரியவில்லை. ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெள்ளையாகப் பசை மாதிரி ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்த ஒரு மெக்கானிக், ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவே, தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கும் தகடு) போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்கணும் என்கிறார். இன்னொருவர் ஆக்ஸிஜன் சென்சாரையும் (சைலன்சர் புகையில் மிச்சமுள்ள ஆக்ஸிஜனைப் பார்ப்பது) இன்ஜெக்டர்களையும் (பெட்ரோல் தெளிப்பவை) மாற்றச் சொல்கிறார். எதைச் செய்தாலும் வண்டி வாங்கிய விலையில் பெரிய பங்கு போய்விடும். ஏர் ஃபில்டர், பிளக், இன்ஜின் ஆயில் மாற்றியாயிற்று, வித்தியாசம் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

மைலேஜ்பிரியன்:

முதலில் டயர். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் போட்டிருக்கும் காற்றளவை டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். டயர் அளவும் அதில் சொன்னதுதானா என்று ஒப்பிடுங்கள். பழைய ஓனர் பெரிய டயர் போட்டிருந்தால் மீட்டர் குறைவாகக் காட்டும், உங்கள் கணக்கே தப்பாக வரும். போனில் ஜிபிஎஸ் வைத்து நேரான சாலையில் ஒரு 20 கி.மீ. ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ரொம்பப் பழசானால் பட்டன் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள், இது மைலேஜுக்காகச் சொல்லவில்லை.

மற்றபடி கருப்புப் பொடி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. 1,30,000 ஓடிய வண்டியில் எனக்கு ஆக்ஸிஜன் சென்சார் மேல்தான் சந்தேகம்.

கிரீஸ்கை:

நண்பரே, இன்னும் எதையும் வாங்காதீர்கள். ஒரே ஒரு கேள்வி. அரை மணி நேரம் ஓட்டிய பிறகு டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது?

நாலுசக்கரம்:

கால் பங்குக்குச் சற்று மேலே. சிக்னலில் நின்றால் கொஞ்சம் ஏறும், வேகமாகப் போனால் இறங்கிவிடும். சூடாகவில்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். இதற்கும் மைலேஜுக்கும் சம்பந்தம் உண்டா? இன்னொன்று, சாவியைத் திருப்பியதுமே ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது.

கிரீஸ்கை:

நிறையவே சம்பந்தம் உண்டு. நீங்கள் சொன்ன அறிகுறிகள் எல்லாம் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. உங்கள் இன்ஜின் சூடாகவே இல்லை.

இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தெர்மோஸ்டாட் வால்வு என்று ஒன்று உண்டு. உள்ளே மெழுகு அடைத்த சின்னக் குப்பி. இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் (கூலன்ட்) 82 டிகிரியோ 88 டிகிரியோ வரும்வரை மூடியிருக்கும், மெழுகு உருகி விரிந்ததும் திறக்கும். அதனால்தான் இன்ஜின் சீக்கிரம் சூடாகி அந்தச் சூட்டிலேயே நிற்கிறது. வண்டி ஒரு முறை ஓவர்ஹீட் ஆனால், காரணத்தைத் தேடாமல் இந்த வால்வைக் கழற்றிப் போட்டுவிடுவதும், ஃபேனை நேராகச் சாவி லைனில் இணைத்துவிடுவதும் பல இடங்களில் நடக்கும் வேலை. உங்கள் வண்டியில் இரண்டும் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சோதிப்பது எளிது. காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள் (ஃபேன் பக்கம் கை போகாமல்). வால்வு இருந்தால் சில நிமிடங்களுக்கு ஹோஸ் குளிர்ந்தே இருந்து, அப்புறம் சட்டென்று சூடேறும். வால்வு இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டது என்றால் தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பாகும்.

முடிந்தால் புளூடூத் ஓபிடி அடாப்டர் (இன்ஜின் கம்ப்யூட்டரான இசியூ சொல்வதைப் போனில் காட்டும் கருவி) ஒன்று வாங்குங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே அதற்கான சாக்கெட் இருக்கும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் வாங்க வேண்டிய கருவி இதுதான் என்பேன், இது இல்லாமல் பார்ட்ஸ் மாற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு செலவு செய்வது. ஓட்டும்போது கூலன்ட் டெம்பரேச்சர், ஃப்யூல் சிஸ்டம் ஸ்டேட்டஸ் (இசியூ சென்சாரைக் கேட்டால் குளோஸ்டு லூப், கேட்காவிட்டால் ஓபன் லூப்), ஷார்ட் டெர்ம் ட்ரிம் (அப்படிக் கேட்டு இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு), ஆக்ஸிஜன் சென்சார் வோல்ட்டேஜ் நாலையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.

ஆயில் மூடி வெள்ளைக்கும் பயப்பட வேண்டாம். இன்ஜின் எரிக்கும்போது உண்டாகும் நீராவி கொஞ்சம் ஆயில் பக்கமும் கசியும். சூடான இன்ஜினில் அது ஆவியாகி வெளியேறிவிடும், சூடாகாத இன்ஜினில் மூடியில் படியும். டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருக்கிறதா, ரிசர்வ் டப்பாவில் தண்ணீர் குறைகிறதா என்று மட்டும் பாருங்கள். அப்பவும் சந்தேகம் தீரவில்லை என்றால் பிளாக் டெஸ்டர் என்று ஒன்று உண்டு. ரேடியேட்டர் வாயில் வைத்து இழுத்தால், எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால் நீலத் திரவம் மஞ்சளாகும். இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் அந்தச் சோதனையைக் கேளுங்கள்.

வேகமேஇன்பம்:

ஒரு மாற்றுக் கருத்து. எங்கள் மெக்கானிக் எல்லா வண்டியிலும் இந்த வால்வைக் கழற்றிவிடுவார். வெயில் அதிகமுள்ள ஊரில் இன்ஜின் கூலாக இருந்தால் நல்லதுதானே?

கிரீஸ்கை:

இல்லை சார். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் 35, 40 டிகிரிதான். இன்ஜின் வேலை செய்ய வேண்டிய சூடு 85-லிருந்து 95. இன்ஜினுக்கு அந்த வெயிலும் குளிர்தான்.

குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் முழுதாக ஆவியாகாது, சிலிண்டர் சுவரில் ஒட்டும். அதைச் சரிக்கட்ட இசியூ கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கும், ஐடிலிங்கையும் ஏற்றி வைக்கும். நல்ல இன்ஜினுக்கு இது சில நிமிட வேலை. வால்வு இல்லாத இன்ஜினுக்கு நாள் முழுக்க. சுவரில் ஒட்டும் பெட்ரோல் ஆயில் படலத்தைக் கழுவி ஆயில் தொட்டிக்குள் இறங்கும், ரிங்கும் சிலிண்டரும் தேயும். மைலேஜ் போவது கண்ணுக்குத் தெரிகிறது, தேய்மானம் தெரிவதில்லை. எனக்கு இந்த வழக்கத்தின் மேல் இவ்வளவு வருத்தம் அதனால்தான்.

நாலுசக்கரம்:

பார்த்துவிட்டேன். மேல் ஹோஸ் முதலிலிருந்தே வெதுவெதுப்பாக ஆகிறது. டிப்ஸ்டிக் சுத்தம், தண்ணீர் குறையவில்லை. அடாப்டர் காட்டியது: நெடுஞ்சாலையில் கூலன்ட் 58 டிகிரி, நின்றால் 70. ஸ்டேட்டஸ் எப்போதும் ஓபன் லூப். ஷார்ட் டெர்ம் ட்ரிம் 0-விலேயே இருக்கிறது. ஆக்ஸிஜன் சென்சார் 0.8 வோல்ட்டில் அசையாமல் நிற்கிறது.

மைலேஜ்பிரியன்:

0.8-ல் அசையவில்லை என்றால் சென்சார் செத்துவிட்டது என்றுதானே அர்த்தம்? 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே மாறி மாறி ஆட வேண்டும் அல்லவா?

கிரீஸ்கை:

ஆட வேண்டும்தான், ஆனால் குளோஸ்டு லூப்பில். சென்சார் சொல்வதைக் கேட்டு இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும்போதுதான் அந்த ஆட்டம் வரும். இப்போது இசியூ சென்சாரைக் கேட்கவே இல்லை, ட்ரிம் 0-விலேயே நிற்பதும் அதனால்தான். பெட்ரோல் அதிகமாகப் போகிறது, சென்சாரும் 0.8 காட்டி அதிகம் என்றுதான் சொல்கிறது. உண்மையைச் சொல்லும் சென்சாரை மாற்றி என்ன பயன்?

உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வழி உண்டு. காலியான சாலையில் மூன்றாவது கியரில் 3,000 ஆர்பிஎம் வரை போய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை முழுதாக எடுங்கள், கிளட்ச்சை மிதிக்காதீர்கள். அந்த நேரம் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்தும், சைலன்சரில் வெறும் காற்றுதான் போகும். சென்சார் உடனே 0.1 பக்கம் விழுந்தால் அது நன்றாக இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்தவர் போனைப் பார்க்கட்டும், நீங்கள் சாலையைப் பாருங்கள்.

அப்புறம் முக்கியமான எச்சரிக்கை. வால்வை வாங்கி நேராக மாட்டிவிடாதீர்கள். யாரோ ஒருவர் அதைக் கழற்றியதற்குக் காரணம் இருக்கும். பெரும்பாலும் ரேடியேட்டர் அடைப்பு. அதைச் சரிசெய்யாமல் வால்வை மாட்டினால் இன்ஜின் இந்த முறை உண்மையிலேயே கொதிக்கும், ஹெட் கேஸ்கெட் உண்மையிலேயே போகும்.

டார்க்ரெஞ்ச்:

கிரீஸ்கை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ரேடியேட்டர் மூடியையும் மாற்றுங்கள். கூலிங் சிஸ்டம் 1 பார் அழுத்தம் பிடித்தால் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்த மூடி என்றால் 100-லேயே கொதித்து வெளியே தள்ளும். சூட்டில் மட்டும் திறந்துவிடாதீர்கள்.

குழாய்த் தண்ணீர் ஊற்ற வேண்டாம், உப்புப் படியும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. புது வால்வில் ஆடும் சின்ன ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும், காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும். மாட்டுவதற்கு முன் வால்வைச் சுடுதண்ணீரில் போட்டு, பொறித்திருக்கும் டிகிரியில் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதுசிலும் மோசமானது வருகிறது.

இன்னொரு பக்கம் பிரேக். பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நாலுசக்கரம்:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

சென்சார் சோதனையில் 0.1-க்கு விழுந்தது. அதனால் அதைத் தொடவில்லை. தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைத் திறந்தால் உள்ளே வால்வே இல்லை, வெறும் கேஸ்கெட் மட்டும். ரேடியேட்டரின் கீழ்ப்பாதி ஜில்லென்று இருந்தது. கழற்றிப் பார்த்ததில் குழாய்களில் துருவும் உப்பும் அடைத்திருந்தன, கழுவியும் சரியாக வரவில்லை, புது ரேடியேட்டர் போட்டோம். ஃபேன் சுவிட்ச் உடைந்திருந்ததால்தான் நேராக இணைத்திருக்கிறார்கள். சுவிட்சும் ரிலேயும் மாற்றிப் பழைய வயரிங்குக்கே கொண்டுவந்தாயிற்று. 82 டிகிரி வால்வு, புது மூடி, கூலன்ட். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடியே ஆறிய இன்ஜினை ஓட்டவிட்டுக் காற்றை எடுத்தோம்.

இப்போது முள் நடுவில் நிற்கிறது. அடாப்டரில் 84-லிருந்து 93. குளோஸ்டு லூப் வந்துவிட்டது, சென்சார் ஆடுகிறது, ஐடிலிங் 800. மைலேஜ் 15.

பின்பக்க இடது சக்கரம் தொட முடியாத சூடு. ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள் துருப்பிடித்து, விட்டாலும் திரும்பி வராமல் இருந்தது. கேபிள் மாற்றி, டிரம்மைச் சுத்தம் செய்த பிறகு 16.5. எல்லாச் செலவும் சேர்ந்து, இன்ஜெக்டர் மாற்றக் கேட்டதைவிடக் குறைவு.

டார்க்ரெஞ்ச்:

அருமை. ஆயிலை மறுபடி ஒருமுறை மாற்றிவிடுங்கள், இருப்பதில் பெட்ரோல் கலந்திருக்கும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் நீண்ட பயணம் போகும் முன் மாற்றுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும் வகை இன்ஜின்கள் நிறைய. வாட்டர் பம்ப்பை அதே பெல்ட் ஓட்டுகிறது என்றால் இரண்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது, பிரிக்கும் வேலை ஒன்றுதான்.

சோக்:

என்னுடையது இன்னும் பழசு, கார்புரேட்டர் வண்டி. இசியூ இல்லை. இதிலும் தெர்மோஸ்டாட் வால்வு இல்லை. மைலேஜ் போவதற்கு இதுவே காரணமாக இருக்குமா?

கிரீஸ்கை:

இருக்கலாம். கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றில் ஆட்டோ சோக் (குளிர்ந்த இன்ஜினுக்குக் காற்றைக் குறைக்கும் தகடு) கூலன்ட் சூட்டில்தான் திறக்கும், இன்டேக் மேனிஃபோல்டையும் அதே தண்ணீர்தான் சூடாக்கும். தண்ணீர் சூடாகாவிட்டால் சோக் பாதி மூடியே கிடக்கும். நன்றாக ஓட்டிவிட்டு இன்ஜினை நிறுத்தி ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து பாருங்கள். மேலே தெரியும் சோக் தகடு செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் முதலில் மேல் ஹோஸ் சோதனையைச் செய்யுங்கள். கேபிள் இழுக்கும் கை சோக் என்றால் கேபிள் முழுதாகத் திரும்பிப் போகிறதா என்று பாருங்கள். தகடு நேராக இருந்தும் கருப்புப் பொடி வந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் அளவும் நீடில் வால்வும்தான் அடுத்தது. பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள்.