மலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனபோது கைகொடுத்தது எது?

சாரண ஆசிரியர், அவிநாசி

பெற்றோர் கூட்டம் போட்டால் என்ன வாங்க வேண்டும் என்ற கேள்வியிலேயே ஒரு மணி நேரம் போய்விடுகிறது. டார்ச் எந்தக் கம்பெனி, ஷூ என்ன விலை, ஸ்லீப்பிங் பேக் வாடகைக்குக் கிடைக்குமா. அந்தப் பட்டியல் எல்லாரிடமும் இருக்கிறது. மலையில் நிஜமாகவே எது உதவியது, எது உதவவில்லை என்று நடந்ததைச் சொல்லுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஜனவரி. மூன்று அணி, 21 பையன்கள், பெரியவர்கள் நாங்கள் மூன்று பேர். கோத்தகிரி பக்கம் லாங்வுட் சோலை. மொத்தமே 116 ஹெக்டேர்தான். சுற்றிலும் தேயிலை, வீடு, ரோடு. நடுவில் இந்தச் சோலை மட்டும் எப்படியோ பிழைத்து நிற்கிறது. கீழே 18 ஊர்களுக்கு இதிலிருந்துதான் தண்ணீர். 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்த்தார்கள். இத்தனூண்டு காட்டில் யார் தொலையப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அன்றைக்கு வழிக்குறி விளையாட்டு. முன்னால் போகும் அணி தரையில் அம்புக்குறியும், 'இந்த வழி இல்லை' என்பதற்குப் பெருக்கல் குறியும் போட்டுக்கொண்டே போகும். பின்னால் வருபவர்கள் அதைப் படித்துக்கொண்டு வர வேண்டும். கூட வந்த உள்ளூர் அண்ணன் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்: "கிளையை ஒடிக்காதீங்க. கீழ விழுந்த குச்சி, கல்லு போதும். கடைசியா வர்றவங்க கலைச்சிட்டு வாங்க." சரி என்று அப்படியே செய்தோம்.

பதினொரு மணிக்கு மேகம் இறங்கியது. பத்தடி தள்ளி ஸ்கார்ஃபின் நிறம் தெரிகிறது, பையன் தெரியவில்லை. கடைசி அணியில் இரண்டு பேர் அம்பைத் தவறவிட்டு, காட்டுமாடு நடந்து நடந்து விழுந்த தடத்தைப் பாதை என்று பிடித்துப் போய்விட்டார்கள். அந்தத் தடம் நம் பாதையைவிடச் சுத்தமாக இருக்கும், அதுதான் வம்பு. எண்ணினேன், பத்தொன்பது. மறுபடியும் எண்ணினேன், பத்தொன்பதுதான்.

தொலைந்தால் அலையாதே, உட்கார்ந்து விசில் ஊது என்று சொல்லிக்கொடுத்திருந்தோம். ஒரு நிமிஷத்துக்குள் ஆறு ஊதல், ஒரு நிமிஷம் சும்மா, மறுபடி ஆறு. கேட்டவர் மூன்று ஊதிப் பதில் சொல்ல வேண்டும். பள்ளி மைதானத்தில் பழக்கியபோது சிரித்துக்கொண்டே ஊதினார்கள். இப்போது விசில் கேட்டது, ஆனால் மேகத்துக்குள் எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. நான் வலது என்கிறேன், அண்ணன் இடது என்கிறார். அவர் சொன்னதுதான் சரி.

அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போனதும் கையை நீட்டி என்னை நிறுத்தினார். முதலில் நான்கு வெள்ளைக் கால்கள் மட்டும் தெரிந்தன, யாரோ சாக்ஸ் மாட்டிவிட்ட மாதிரி. அப்புறம்தான் அதற்கு மேலே கறுப்பாக உடம்பு, மூக்கிலிருந்து வரும் ஆவி. பக்கவாட்டில் திரும்பி, தன் முழு அகலத்தையும் காட்டிக்கொண்டு நின்றது. "மிரட்டுது. ஓடாதீங்க, கத்தாதீங்க. அதைப் பார்த்தபடியே பின்னால வாங்க." வந்தோம். கால் மணி நேரம் நின்றோம். இடையில் விசிலும் நின்றுபோனது. அந்த இரண்டு பையன்களின் அப்பாக்களிடம் போனில் எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன்.

மாடு நகர்ந்ததும் போனோம். சோலை முடிந்து தேயிலை ஆரம்பிக்கும் இடத்தில், தரையில் கற்களால் ஒரு வட்டம், நடுவில் ஒரே ஒரு கல். 'வீட்டுக்குப் போய்விட்டேன்' என்ற குறி அது. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1941-இல் கென்யாவில் இறந்தார். நியெரியில் அவர் கல்லறையில் இருப்பதும் இதே வட்டமும் புள்ளியும்தான். அந்தக் கதையைச் சொல்லிவிட்டால் பையன்கள் மற்ற குறிகளை மறந்தாலும் இதை மறப்பதில்லை. வட்டத்துக்குப் பக்கத்தில் ஓர் அம்பு. அது காட்டிய பக்கம் இறங்கினால், ஒரு வீட்டுத் திண்ணையில் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பாட்டி விசிலைக் கேட்டு வந்து, "மாடு நிக்கிற இடத்துல உக்காந்து ஊதிட்டு இருக்கீங்களே சாமி" என்று கையோடு கூட்டிப் போயிருக்கிறார்.

இருந்த இடத்தை விட்டு நகர்ந்ததற்குத் திட்டுவதா, குறி வைத்துவிட்டுப் போனதற்குத் தட்டிக்கொடுப்பதா? இரண்டையும் செய்தேன், எது முதலில் என்று நினைவில்லை. அதன் பிறகு எங்கள் குழுவில் விளையாட்டு எதுவானாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் அணித் தலைவன் தன் ஏழு பேரை எண்ணிச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அவனுக்குக் கொடுக்கும் வேலைகளில் இதுதான் முதல் வேலை, கொடி பிடிப்பதெல்லாம் அப்புறம்.

ஒரு சாரணனின் அம்மா, கோவை

சார், நான் செய்த தப்பைச் சொல்கிறேன். என் பையனுக்குச் சின்ன வயதிலிருந்து வீசிங் உண்டு. முகாம் படிவத்தில் 'நோய், ஒவ்வாமை ஏதேனும் உண்டா' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உண்டு என்று எழுதினால் கூட்டிப் போக மாட்டார்களோ என்ற பயம். இன்ஹேலரைப் பையின் அடியில், ஸ்வெட்டருக்குக் கீழே வைத்து, "யார்கிட்டயும் சொல்லாதடா" என்றும் சொல்லி அனுப்பினேன்.

டிசம்பர் கடைசி, ஊட்டி. காலையில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகப் படியும் நாட்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அவனுக்கு மூச்சு இழுத்திருக்கிறது. இருட்டில், பதினைந்து பைகளுக்கு நடுவே, அவன் தன் பையைத் தேடிக் கவிழ்த்துக்கொண்டிருந்த சத்தத்தில்தான் அவனுடைய சார் விழித்திருக்கிறார். 108 வந்து, ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்து, விடியும்போது சரியாகிவிட்டது. அந்த சார் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இப்போது என் கையாலேயே ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கிறேன். ரத்த வகை, எந்த மருந்து எத்தனை முறை, எதற்கு அலர்ஜி, எங்கள் இரண்டு பேர் நம்பரும் மாமா நம்பரும். ஒரு பிரதி சாரிடம், ஒன்று பையன் சட்டைப் பையில். இன்ஹேலரும் அப்படியே இரண்டு. அவன் ராத்திரி படுக்கையில் நனைப்பான், தூக்கத்தில் நடப்பான் என்றால் அதையும் எழுதுங்கள் அம்மாக்களே, வெட்கப்பட ஒன்றுமில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது 14 கொண்டை ஊசி வளைவு. காலையில் வயிறு முட்டப் பூரி கொடுத்து அனுப்பாதீர்கள். இட்லி இரண்டு, முகர்ந்து பார்க்க ஒரு எலுமிச்சம்பழம், அவ்வளவுதான்.

முன்னாள் சாரணர், கொடைக்கானல்

அக்கா சொன்னதைப் போலவே பையன்களும் மறைப்பார்கள். வட்டக்கானலில் இருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைப் பக்கம் இறங்கும் பாதையில் பன்னிரண்டு பேரோடு போனேன். முழுக்க இறக்கம். நான் போனபோது வெள்ளகவிக்கு ரோடு கிடையாது, சாமான் எல்லாம் குதிரை முதுகில்தான் வந்தது. ஊருக்குள் யாரும் செருப்புப் போட மாட்டார்கள், சாமி இருக்கிற ஊர் என்பதால். நாமும் எல்லையில் கழற்றிவிட வேண்டும்.

கழற்றச் சொன்னதும் பையன்கள் ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்தார்கள். கழற்றினால் பன்னிரண்டில் ஏழு பேருக்குக் கொப்புளம். ஒருவனுக்குக் கட்டைவிரல் நகமே கறுத்திருந்தது. காலையிலிருந்து வாயைத் திறக்கவில்லை, மற்றவன் கிண்டல் செய்வான் என்று! அந்த ஊர் வழக்கம் மட்டும் இல்லையென்றால் கும்பக்கரை போய்த்தான் பார்த்திருப்பேன், அதற்குள் பாதிப் பேரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும். அங்கேயே திண்ணையில் உட்காரவைத்து, கொப்புளத்தை உடைக்காமல் கழுவி, துணி வைத்துக் கட்டி, காய்ந்த சாக்ஸ் மாற்றினோம். நகம் கறுத்தவனுடைய மூட்டையைக் கீழே போகும் குதிரையில் ஏற்றிக் கொடுத்தார் ஊர்ப் பெரியவர் ஒருவர். காசு நீட்டினேன், "அடுத்த தடவை பழைய செருப்போட கூட்டிட்டு வாங்க" என்றார், வாங்கவில்லை.

அத்தனையும் முகாமுக்கென்று முந்தைய வாரம் வாங்கிய புது ஷூ. இப்போதெல்லாம் எங்கு போனாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் எல்லாரையும் ஷூவைக் கழற்றச் சொல்கிறேன். என்னையும் சேர்த்து.

அனுமதி பற்றி ஒரு வார்த்தை. 2018 மார்ச் 11 தேனி மாவட்டம் குரங்கணியில் பிடித்த காட்டுத்தீயில், மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். அதே வருஷம் மலையேற்றத்துக்கு அரசு விதிமுறை வந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற அரசு மலையேற்றத் திட்டம் தொடங்கி 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்திருக்கிறார்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்திருக்கிறது, உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். காட்டுத்தீ காலத்தில் மூடிவிடுவார்கள். பிள்ளைகளோடு போகிறவர் எளிது என்ற வரிசையைத் தாண்டிப் பார்க்க வேண்டியதில்லை. 'நமக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார், ராத்திரியே உள்ளே விட்டுவிடுவார்' என்று எந்தத் தலைவராவது சொன்னால், பெற்றோரே, பிள்ளையைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். நான் அப்படி ஒருவரோடு பதினாறு வயதில் போயிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. ஆகாமல் போனது அதிர்ஷ்டம்.

கூடலூர்க்காரன்

யாரும் ரத்தம் குடிக்கும் அட்டையைப் பற்றிப் பேசவில்லையே! ஜூனுக்குப் பிறகு எங்கள் பக்கம் வந்து பாருங்கள். புகையிலைத் தூளைச் சாக்ஸின் மேல் தடவிக்கொண்டால் பெரும்பாலும் ஏறாது. ஏறிவிட்டால் பிடித்து இழுக்காமல் நகத்தை ஓரத்தில் கொடுத்து நெம்புங்கள். ரத்தம் சட்டென்று நிற்காது, அட்டையின் எச்சில் அப்படி; பையன் பயப்படுவான், கூட இருக்கிற சார் பயப்படக் கூடாது. பிளாஸ்டிக் பாட்டிலோடு வராதீர்கள், நீலகிரியில் தடை, சோதனைச் சாவடியிலேயே வாங்கிவிடுவார்கள். வேன் மலையேற வேண்டிய இ-பாஸ் எடுத்தாயிற்றா என்று டிரைவரிடம் கேட்காதீர்கள். காட்டச் சொல்லிப் பாருங்கள். 2024 மே மாதத்திலிருந்து கட்டாயம், கொடைக்கானலுக்கும்தான். எங்கள் வண்டி கல்லாறு சோதனைச் சாவடியில் ஒன்றரை மணி நேரம் நின்றது, உள்ளே இருபது குருளையர், அதாவது சாரணரில் சின்னப் பிள்ளைகள், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு.

ஒரு சாரணனின் அம்மா, கோவை

சார், அந்தப் பாட்டியை மறுபடி பார்த்தீர்களா?

சாரண ஆசிரியர், அவிநாசி

அடுத்த ஜனவரியில் அந்த இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு போனேன் சகோதரி. பழம், ஒரு கம்பளி எல்லாம் கொண்டுபோனோம். கம்பளியை ஓரமாக வைத்துவிட்டு, பையன் கழுத்தில் தொங்கிய விசிலைக் காட்டி, "அது ஒண்ணு இருக்குமா" என்றார். தோட்டத்தில் மாடு இறங்கினால் பக்கத்துக் காட்டில் பறிக்கிறவர்களுக்குச் சொல்லத் தொண்டை போகிறதாம். கொடுத்தோம். ஆறு ஊதல், ஒரு நிமிஷம் நிறுத்தம் என்று பையன் பாடம் எடுக்க ஆரம்பித்தான். பாட்டி அதற்குள் ஒரே மூச்சில் ஊதிவிட்டார், கீழ் வளைவில் போன பஸ்ஸே நின்றது.