பினோ நுவார் திராட்சைக் கொத்துகள் சாம்பல் நிறமாகின்றன, என்ன தெளிப்பது?

கொடியடி:
அவசரம். பினோ நுவார் கொத்துகள் அறுவடை நெருங்கும் நேரத்தில் சாம்பல் நிறமாகின்றன. கந்தகம் தெளித்தேன், பயனில்லை. பிழிந்து பார்த்தால் சாற்றிலும் நிறமே இல்லை. பக்கத்து வரிசைகளில் இருக்கும் கபர்னே சாவிஞானுக்கு ஒரு குறையும் இல்லை. அதே தண்ணீர், அதே மருந்து. இனி என்ன தெளிக்கலாம்?

மண்வெட்டி:
எந்த குளோன், அதாவது பினோவின் எந்தத் துணைவகை? ஒட்டுக்கட்டிய வேர்ச்செடி எது? கொடியின் வயது? மழை பெய்ததா? பழத்தின் சர்க்கரை அளவு, அதாவது பிரிக்ஸ் எவ்வளவு? கொத்தின் வெளிப்பக்கமா, உட்பக்கமா? இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் மருந்து கேட்டால் எப்படி?

மொட்டுக்கண்:
எனக்கு இது நோயாகவே தெரியவில்லை. பினோ அடிக்கடி உருமாறும் குலம். பினோ கிரி, பினோ பிளான் இரண்டும் இதே கொடியில் தோல் நிறம் மாறிப் பிறந்தவைதாம். கறுப்புக் கொடியின் ஒரு கிளையில் மட்டும் சாம்பல் கலந்த இளஞ்சிவப்புக் கொத்து வருவதுண்டு. அந்தக் கிளையில் அடையாளம் கட்டி வையுங்கள், குச்சி எடுத்து நடலாம்.

மண்வெட்டி:
தோட்டம் முழுவதும் ஒரே வாரத்தில் உருமாறிவிட்டதா? கொத்தை அழுகவைக்கும் பாட்ரைடிஸ் பூஞ்சையைக் கேள்விப்பட்டதில்லையோ?

பழையகொடி:
இப்படி ஒரு கேள்வி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. மெல்லிய தோல், நெருக்கமான கொத்து, பல வகைகளுக்கு முன்பே விழிக்கும் மொட்டு, பனியடித்தால் முதல் பலி: பினோவின் குணம் தெரியாமல் அதை நட்டுவிட்டு, கபர்னே நன்றாக இருக்கிறதே என்று வியப்பதில் என்ன பொருள்? கபர்னேயின் தோல் தடிமன், கொத்தும் தளர்வானது. 1395இல் பிரான்சில் பர்கண்டியின் கோமகன் பிலிப், விளைச்சலை வாரிக் கொட்டும் கமே என்ற வகைக் கொடிகளை வெட்டி எறியச் சொல்லிப் பினோவைக் காத்தார். பினோ சோம்பேறிகளுக்கான கொடியாக அன்றும் இருந்ததில்லை.

வடிகட்டி:
கோமகனின் ஆணை கொத்தழுகலுக்கு மருந்தாகாது ஐயா.

கேட்டவருக்கு: சாற்றில் நிறம் இல்லாதது நோயின் அடையாளம் அன்று. பினோவின் சதை நிறமற்றது. கறுப்பு முழுவதும் தோலில்தான். அதனால்தான் ஷாம்பெயினில் இதே பழத்தை மெதுவாகப் பிழிந்து வெளிர் மது எடுக்கிறார்கள்.

மொட்டுக்கண்:
தோலோடு ஊறவைத்தாலும் பினோ கபர்னேயைப் போல் இருளாது. மற்ற சிவப்பு வகைகளில் பலவற்றுக்கு உள்ள அசைல் ஏறிய ஆந்தோசயனின்கள் என்ற நிறமிகள் இதில் இல்லை. நிறம் குறைவது அதன் பிறவிக் குணம்.

பழையகொடி:
பிறவிக் குணம் என்று சொல்லி விளைச்சலை ஏற்றிக்கொள்பவர்கள்தாம் அதிகம். கொடிக்குக் கொத்துகளைக் குறைத்துப் பாருங்கள், நிறம் தானாக ஏறும்.

வடிகட்டி:
ஏற்கெனவே குறைவாகக் காய்த்திருக்கும் கொடியில் கொத்தைக் கிள்ளினால், மிஞ்சும் மணிகள் பருத்துக் கொத்து இன்னும் இறுகவும் கூடும். மணி பருத்தால் சாற்றுக்குத் தோலின் விகிதம் குறையும். அதில் நிறம் எங்கிருந்து ஏறும்?

பழையகொடி:
எப்போது கிள்ளுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நிறம் திரும்பும் பருவத்தில் பின்தங்கிய பச்சைக் கொத்துகளை எடுத்தால் மணி அவ்வளவாகப் பருக்காது. இதைக்கூட விளக்க வேண்டியிருக்கிறது.

மண்வெட்டி:
இந்தச் சண்டைக்குத் தனி இழை தொடங்குங்கள். கேட்டவர் எங்கே?

கொடியடி:
மன்னிக்கவும், தோட்டத்தில் இருந்தேன். குளோன் 777, வேர்ச்செடி 3309. போன வாரம் தொடர் மழை. பிரிக்ஸ் 21. கொத்து வெளியே அழகாகத்தான் இருக்கிறது, கையில் எடுத்துத் திருப்பினால்தான் தெரிகிறது.

மண்வெட்டி:
மழையை முதலிலேயே சொல்லியிருக்கலாம். சந்தேகப்படும் மணியை விரலால் லேசாக அழுத்துங்கள். தோல் சதையை விட்டு வழுக்கிக்கொண்டு வந்தால் பாட்ரைடிஸ். பிறகு ஒரு கொத்தைப் பிளந்து நடுவில் பாருங்கள்: இடமில்லாமல் நெருக்கப்பட்ட மணி காம்போடு சேரும் இடத்தில் வெடித்திருக்கும், அங்கிருந்து சாம்பல் நிறப் பஞ்சு சுற்றியுள்ள மணிகளுக்குப் பரவியிருக்கும். காடி வாடையும் பழ ஈயும் இருந்தால் அது வேறு, புளிப்பழுகல்.

கந்தகம் வெண்பொடி பூக்கும் சாம்பல் நோய்க்கானது. பாட்ரைடிஸுக்குப் பெரிதாகப் பயன்படாது. அறுவடை நேரத்தில் தெளித்த கந்தகம் பழத்தில் தங்கினால் நொதிக்கும்போது அழுகிய முட்டை வாடையும் வரும். இனி எதையும் தெளிக்காதீர்கள்.

வடிகட்டி:
இத்தொற்று பெரும்பாலும் பூக்கும் காலத்திலேயே நுழைந்துவிடும். உதிர்ந்த பூத்தொப்பிகள் கொத்துக்குள் சிக்கிக்கொள்ள, பூஞ்சை அங்கே உறங்கிக் கிடந்து சர்க்கரை ஏறியதும் எழுகிறது. அடுத்த பருவத்தில் பூப்பதற்குச் சற்று முன்பே கொத்தைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளுங்கள். காய்பிடிப்பு கொஞ்சம் குறைந்து கொத்து தளரும். இளங்காயிலிருந்தே வெயில் கண்ட தோல் பழகிவிடும். நிறம் வந்தபின் ஒரேயடியாக இலையை உரித்தால் மெல்லிய தோல் வெந்துபோகும். மாலை வெயில் படும் பக்கத்தில் இலையை விட்டுவையுங்கள்.

பச்சைக்கை:
தழைச்சத்து எவ்வளவு கொடுத்தீர்கள்? என் அனுபவத்தில் எல்லாக் கொத்தழுகலுக்கும் தழைச்சத்துதான் காரணம்.

மண்வெட்டி:
எல்லாவற்றுக்கும் நீங்கள் தழைச்சத்தைத்தான் சொல்வீர்கள். இந்த முறை ஓரளவு பொருந்தும்: இலை அடர்ந்தால் கொத்து உலராது.

மொட்டுக்கண்:
777 கொத்து சிறியது, ஆனால் நெருக்கம். புதிதாக நடுவதானால் மரியாஃபெல்டு என்ற பினோ குளோனைப் பாருங்கள், கொத்து தளர்வாக வரும். சாம்பல் கிளையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பழையகொடி:
மரியாஃபெல்டில் மது செய்வதைவிட நான் கமேவையே நடுவேன்.

கொடியடி:
தோல் வழுக்கியது. அழுகியவற்றை வெட்டி எறிந்துவிட்டு மீதியை நாளைக் காலை பறிக்கிறோம். நன்றி.

வடிகட்டி:
பறித்த கொத்துகளைத் தொட்டிக்குப் போகும் முன் மேசையில் இன்னொரு முறை பிரித்தெடுங்கள். பூஞ்சை விட்டுப்போகும் லாக்கேஸ் நொதி இருக்கிற கொஞ்ச நிறத்தையும் பழுப்பாக்கிவிடும். நொதித்தபின் ஒரு குவளை மதுவை ஒருநாள் காற்றில் திறந்து வையுங்கள். பழுப்பேறினால், வண்டலை விட்டு வேறு சாடிக்கு மாற்றும் முன்பே கந்தக டை ஆக்சைடு சேர்க்க வேண்டும்.

பச்சைக்கை:
தழைச்சத்து அளவை இன்னும் சொல்லவில்லை.