மறு: ‘டபுள் நிக்கிங்’கிற்குத் தமிழ்ச்சொல்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். மரபணுத் திருத்தத்தில், டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் தனித்தனி வெட்டாக வெட்டும் ‘டபுள் நிக்கிங்’ முறைக்கு ஒருவர் பரிந்துரைத்தது இது:

> ‘இரட்டை வெட்டு’ என்றே வைத்துவிடலாம். எளிமையாக இருக்கிறது.

எளிமைதான், ஆனால் வகுப்பில் எடுபடாது. இங்கே சேலத்தில் முதுநிலை மாணவர்களுக்கு இதைத் தமிழில் விளக்கும்போது குழப்பம் வருவதே இந்த இடத்தில்தான். மரபணுத் திருத்தத்தில் கத்தரிக்கோலாகப் பயன்படும் சாதாரண காஸ்9 நொதி ஒரே இடத்தில் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் வெட்டுகிறது. ‘இரட்டை வெட்டு’ என்றதும் பிள்ளைகள் அதைத்தான் நினைக்கிறார்கள். நாம் பெயர் தேடுவதோ அதற்கு மாற்றாக வந்த முறைக்கு.

காஸ்9-இல் வெட்டும் பகுதிகள் இரண்டு: ருவ்சி, ஹெச்.என்.ஹெச். ஆளுக்கு ஓர் இழை. புரதத்தின் 10ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலத்தை அலனினாக மாற்றினால் ருவ்சி செயலிழக்கும். மிஞ்சியது ஓர் இழையை மட்டும் வெட்டும். அந்த வெட்டைச் செல் பெரும்பாலும் பிழையில்லாமல் சரிசெய்துவிடும், மரபணுவுக்கு ஒன்றும் ஆகாது. அதனால், நொதியை வெட்ட வேண்டிய இடத்துக்குக் கூட்டிச்செல்லும் வழிகாட்டி ஆர்.என்.ஏ. இரண்டை அனுப்பி, எதிரெதிர் இழைகளில் அருகருகே வெட்ட வைக்கிறார்கள். அப்போதுதான் டி.என்.ஏ. முறியும். முறிந்த முனைகளைச் செல் அவசரமாக ஒட்டும்போது சில டி.என்.ஏ. எழுத்துகள் (காரங்கள்) விடுபடும், சில நுழையும். செல் எழுத்துகளை மும்மூன்றாகப் படிக்கும் வரிசை நகர்ந்துவிட்டால் சரியான புரதம் வராது.

அம்மாப்பேட்டைத் தறிக்காரர் யாரையும் கேளுங்கள். இரண்டிழை முறுக்கு நூலில் ஓர் இழை அறுந்தாலும் நூல் தாங்கும். பக்கத்திலேயே மற்றதும் அறுந்தால் போச்சு. நன்றாகத் தள்ளி அறுந்தால் அப்போதும் தாங்கும். இங்கேயும் இடைவெளிதான் எல்லாம். 2013இல் அமெரிக்க ஆய்வாளர் ஃபெங் ஜாங் குழுவினர் மனித செல்களில் சோதித்தபோது, வழிகாட்டிகளுக்கு இடையே 20 கார இணைகள் வரை நன்றாக வேலை செய்தது, 100 வரை சுமாராக. வேண்டாத இடங்களில் விழும் மாற்றங்கள் 50 முதல் 1500 மடங்கு வரை குறைந்தன. ஒரு வழிகாட்டி தடம் மாறிப்போனாலும் அங்கே விழுவது ஓரிழை வெட்டுதானே, ஆறிவிடும்.

ஆகவே என் முன்மொழிவு: ஓரிழை வெட்டு ‘கீறல்’, அதைச் செய்யும் நொதி ‘கீறுநொதி’, இரு இழையும் போனால் ‘முறிவு’. இந்த முறைக்கு ‘எதிரிழைக் கீறல்’.

—

ஏற்காட்டிலிருந்து:

ஐயா, ‘கீறல்’ என்றால் தோல்மேல் பட்ட சிராய்ப்பு மாதிரி இருக்கிறது. ஓர் இழை முழுசாக வெட்டுப்படுகிறதே? சரி, மூலக்கூறு முழுவதையும் பார்த்தால் அது கீறல்தான், விட்டுவிடுகிறேன். ஆனால் ‘எதிரிழைக் கீறல்’ வேண்டாம். 2019இல் வந்த பிரைம் எடிட்டிங் என்ற இன்னொரு மரபணுத் திருத்த முறையிலும் ஒரு வகையில் எதிர் இழையில் இன்னொரு கீறல் போடுகிறார்கள். அங்கே நோக்கம் முறிப்பது இல்லை. திருத்திய இழையைப் பார்த்து மற்ற இழையைச் செல் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதான். ஒரே பெயர் இரண்டுக்கும் போய் ஒட்டிக்கொள்ளும். ‘இணைக்கீறல்’ என்று வைத்தால் என்ன? அப்புறம், மரபணுவை வேலை செய்யாமல் ஆக்கும் ‘நாக்அவுட்’டுக்கு ‘மரபணு நீக்கம்’ என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். மரபணு எங்கேயும் போகவில்லையே, அங்கேயே பழுதாகிக் கிடக்கிறது.

—

மறுபடி சேலத்திலிருந்து:

அந்த பிரைம் எடிட்டிங் காரணம் ஒன்றே போதும், ‘எதிரிழை’யைத் திரும்பப் பெறுகிறேன். ‘இணை’ என்றால் இணைகோடு நினைவுக்கு வராதா என்று யாராவது கேட்பார்கள். ‘கார இணை’ இந்தத் துறையில் பள்ளிப் பாடத்திலேயே இருப்பதால் ஜோடி என்ற பொருள் தானாக வரும். ‘இணைக்கீறல்’ என்றே பட்டியலில் சேர்க்கலாம். விளக்க வரியில் மட்டும் ‘முறிவு உண்டாக்க, எதிரெதிர் இழைகளில்’ என்று கட்டாயம் எழுத வேண்டும்.

‘நாக்அவுட்’டுக்கு ‘மரபணு முடக்கம்’. தற்காலிகமாக நிறுத்துவதற்கும் முடக்கம் என்கிறோமே என்ற தயக்கம் எனக்கும் உண்டு. ஆனால் கை கால் முடங்கியது என்று சொல்லும்போது யாரும் தற்காலிகம் என்று எடுத்துக்கொள்வதில்லை. மிச்சம் இருப்பது ‘நாக்டவுன்’: மரபணு நன்றாகவே இருக்கும், வெளிப்பாடு மட்டும் குறையும். ‘தணிப்பு’ போதுமா, சொல்லுங்கள். ‘ஒடுக்கம்’ மட்டும் வேண்டாம், அதை வேதியியல்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள்.